கோல நோட்டுக்கு நான் செய்த மரியாதை

உங்கள் வீட்டில் பழைய கோல நோட்டு ஒன்று இருந்து, "கொடுங்க, பத்திரமா பண்ணித் தர்றேன்" என்று எவனாவது அன்பாகக் கேட்டால், அவனுக்கு ஒரு காபி கொடுத்து வாசலோடு அனுப்பிவிடுங்கள். அனுபவத்தில் சொல்கிறேன். அந்த எவனோ நான்தான்.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் போகிற ரோட்டில், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஸ்கேன், பிரின்ட், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. பட்டாவோ பத்திரமோ கொண்டுவருகிற ஒவ்வொருவருக்கும் இலவசமாக ஒரு சொற்பொழிவும் உண்டு. "பேப்பரை நம்பாதீங்க. கரையான் வரும், தண்ணி படும். கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா எமன் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது." கடை போர்டில் நானே யோசித்து எழுத வைத்த வாசகம்: 'காகிதம் அழியும், காப்பி அழியாது.' (போர்டு எழுதியவர் அப்போதே சொன்னார், "இதுக்குப் பதிலா போன் நம்பரைப் பெருசா போட்டுக்கலாம் சார்" என்று. கேட்டிருக்கலாம்.)

என் மனைவி பரிமளாவிடம் ஒரு கோல நோட்டு இருந்தது. இருந்தது என்று எழுதும்போதே கை கூசுகிறது.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஆரம்பித்த நீள நோட்டு. அட்டை எப்போதோ போய், ஜவுளிக்கடை காலண்டர் தாளை மடித்து அட்டை போட்டிருந்தாள். வீட்டுக்கு எந்தப் பெண் வந்தாலும், காபிக்கு முன்னால் நோட்டு வரும். "உங்க ஊர்ல போடற கோலம் ஒண்ணு போட்டுட்டுப் போங்க." போட்டவர் கீழே தன் பெயரை எழுதவேண்டும். அது அவள் சட்டம். மாடியில் குடியிருந்துவிட்டு மாற்றலில் போன டீச்சர், பக்கத்து வீட்டு ஷமீமா அக்கா (மருதாணி டிசைன்தான் தெரியும் என்று சொல்லி, அதையே புள்ளி வைத்துப் போட்டுக் கொடுத்தவர்), பிரசவ வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த யாரோ ஒரு அம்மா என்று எல்லோருடைய கையும் அதில் இருந்தது.

மார்கழியில் அந்த நோட்டு வாசலில் விரிந்து கிடக்கும். காற்றில் பக்கம் புரளாமல் மேலே ஒரு கல். பரிமளா மாவுக்கையோடே புரட்டுவாள். நான் பல் தேய்த்துக்கொண்டே நின்று கிண்டல் செய்வேன்.

"யூட்யூப்ல ஆயிரம் கோலம் இருக்கு. இன்னும் இந்தக் குப்பையைக் கட்டிக்கிட்டு அழறியே."

"அதுல நடுவுல விளம்பரம் வருது. அவன் பல்பொடி வித்து முடிக்கறதுக்குள்ள ஈரம் காஞ்சிடுது. மாவுக்கையால தொட்டா உங்க போன் வேலை செய்யுமா? தள்ளி நில்லுங்க, நிழல் விழுது."

தள்ளி நின்றிருக்கலாம். கடைசி வரைக்கும்.

அந்த நோட்டில் ஒரு பக்கம் மட்டும் மற்றவை மாதிரி இல்லை. பரிமளாவின் அக்கா சாந்தி போட்ட தேர்க்கோலம் அது. உடம்பு முடியாமல் கடைசியாக எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தபோது போட்டது. அழுத்தி எழுதக் கையில் வலு இல்லை. பரிமளா பேனாவால் புள்ளி வைத்துக் கொடுத்தாள். சாந்தி பென்சிலால் மெல்ல மெல்ல இழுத்தாள். முடித்ததும் பெயர் எழுத மட்டும் பேனா கேட்டாள். "கையெழுத்து பென்சில்ல போட்டா செல்லாதுடி" என்றாள். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தவள், சட்டம் தெரியும். அதன்பிறகு அவள் எதிலும் எழுதவில்லை.

சாந்தியின் ஒரே மகள் வினோதினி. அவள் கல்யாணம் நிச்சயமானதும், "பொண்ணு எங்க வீட்டு வாசல்ல இருந்துதான் கிளம்பணும்" என்று பரிமளா சொல்லிவிட்டாள். வினோதினி கேட்டது ஒன்றே ஒன்றுதான். பட்டுப்புடவைக்குக்கூட அவள் அப்படிக் கேட்கவில்லை.

"சித்தி, நான் கிளம்பற அன்னிக்கு வாசல்ல அம்மா போட்ட தேரைப் போடணும். நோட்டுல இருக்கற மாதிரியே. நீதான் போடணும்."

"போடாம?" என்றாள் பரிமளா.

இந்த இடத்தில், யாரும் கூப்பிடாமலேயே, நான் உள்ளே வருகிறேன்.

அந்த நோட்டு நைந்துபோயிருந்தது உண்மை. தையல் விட்டுப்போயிருந்தது. இதை அப்படியே ஸ்கேன் செய்து, வழவழவென்று அச்சடித்து, கெட்டி அட்டை போட்டு, பந்தக்கால் நடுகிற அன்று சொந்தக்காரர்கள் முன்னால் மனைவி கையில் கொடுத்தால் எப்படி இருக்கும்? கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு நல்ல பரிசு வாங்கித் தந்ததில்லை என்ற பேர் வேறு எனக்கு இருந்தது. (ஒருமுறை மிக்ஸி வாங்கிக் கொடுத்தேன். அதில் எனக்கு சட்னி வந்ததால் அது பரிசுக் கணக்கில் சேராதாம்.)

பீரோ மேலிருந்து சத்தமில்லாமல் நோட்டைக் கடத்திக்கொண்டு கடைக்குப் போனேன்.

என் ஸ்கேனர் தாள் கட்டை மேலே வைத்தால் தானே ஒவ்வொன்றாக இழுத்துக்கொள்ளும். ஆனால் தனித்தனித் தாளாக இருக்கவேண்டும். அதற்கென்ன, கட்டர் இருக்கிறதே. நோட்டின் முதுகை ஒரே அழுத்தில் வெட்டினேன். மடிப்புக்குள்ளிருந்து பொலபொலவென்று கோலமாவு கொட்டியது. எத்தனை மார்கழி மாவோ. "சே, மெஷின் கெட்டுடும்" என்று வாயால் ஊதித் தள்ளினேன்.

வாசலில் அன்றைக்கு ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்கு நல்ல கூட்டம். மெஷினை ஓடவிட்டு அவர்களைக் கவனித்தேன். அந்த மெஷினில் அரசாங்க விண்ணப்பங்களுக்காக நான் போட்டு வைத்திருந்த ஏற்பாடு ஒன்று உண்டு. கறுப்பு வெள்ளையில் எடுக்கும், மங்கலாக இருப்பதை வெள்ளையாக்கிவிடும், தாளில் அங்கங்கே இருக்கும் அழுக்குப் புள்ளிகளைத் தானே துடைத்துவிடும். துடைத்ததை மட்டும்தான் சேமிக்கும்; இடம் அடைக்கக் கூடாது என்று அதையும் நான்தான் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். கசங்கிய ரேஷன் கார்டு கூடப் புதுசு போல வரும். அதற்காகவே போளூரிலிருந்து என்னைத் தேடி வருபவர்கள் இருக்கிறார்கள்.

பிரின்ட் ஆனதைப் பார்த்தாயா என்று கேட்பீர்கள். பார்த்தேன். அட்டையை. முழு சாயங்காலமும் அட்டையைத்தான் பார்த்தேன். பின்னணியில் எங்கள் ஊர் அண்ணாமலை, நடுவில் தங்க எழுத்தில் 'பரிமளாவின் கோலங்கள்', கீழே 'தொகுப்பு' என்று என் பெயர், மூலையில் என் போட்டோ, போன் நம்பர், அப்புறம் அந்த வாசகம். உள்பக்கத்தைத் திறக்க எனக்கு நேரம் இல்லை. போட்டோவில் தலைமுடியைக் கொஞ்சம் கறுப்பாக்க வேண்டியிருந்தது.

வீட்டில் பரிமளா தேட ஆரம்பித்துவிட்டாள்.

"நோட்டு எங்கங்க? பீரோ மேலதான வெச்சிருந்தேன்."

"எங்கயும் போகல. பந்தக்கால் அன்னிக்குப் பார்."

"விளையாடாதீங்க. நான் ஒருவாட்டி போட்டுப் பாக்கணும். சக்கரத்துக்கிட்ட கோடு திரும்பற இடம் எனக்கு எப்பவும் குழம்பும்."

"குழம்பவே குழம்பாது. பளிச்சுனு தெரியற மாதிரி பண்ணித் தர்றேன்."

பந்தக்காலுக்கு முந்தின நாள் கோவிந்தம்மா கடைக்கு வந்தாள். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அடி அண்ணாமலைக்காரி. கிரிவலப் பாதையில் சுண்டல் விற்பவள். பௌர்ணமிக்கு முந்தின நாள் தவறாமல் வந்து, பொட்டலம் மடிக்க வேஸ்ட் பேப்பர் வாங்கிப்போவாள். மறுநாள் பந்தக்கால் மட்டுமில்லை, பௌர்ணமியும் கூட. மேசை ஓரத்தில் இருந்த நோட்டுத் தாள்களை அப்படியே தூக்கி அவள் சாக்கில் போட்டேன்.

"பேப்பர் கெட்டியா கீது சார்" என்று மகிழ்ந்துபோனாள்.

"எடுத்துக்கம்மா. அதெல்லாம் உள்ள ஏத்தியாச்சு" என்றேன், வள்ளல் மாதிரி.

பந்தக்கால் நட்டாயிற்று. மஞ்சள் குங்குமம் ஆயிற்று. ஹால் நிறையச் சொந்தக்காரர்கள். என் சகலை தனசேகர், அதாவது சாந்தியின் கணவர், பெண்ணைப் பெற்றவர் என்பதால் நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டிருந்தார். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நம் பாரம்பரியம், கணினி யுகம் என்று கொஞ்ச நேரம் பேசினேன். (தனசேகர் நடுவில் ஒருமுறை வாட்சைப் பார்த்தார்.) பரிசுத் தாளைச் சுற்றிய புத்தகத்தைப் பரிமளாவிடம் கொடுத்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

பரிமளா அட்டையைப் பார்த்து, "உங்க போட்டோ எதுக்குங்க?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்போடுதான் உள்ளே திறந்தாள்.

முதல் பக்கத்தில் கோடுகள் இருந்தன. புள்ளிகள் இல்லை. ஒரு புள்ளி கூட இல்லை. யாரோ நூல்கண்டைப் பிரித்துப் போட்ட மாதிரி வெறும் வளையங்கள். அடுத்த பக்கமும் அப்படித்தான். மெஷின் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. இத்தனை வருஷமாக இத்தனை பெண்கள் குனிந்து குனிந்து வைத்த புள்ளியை எல்லாம் அழுக்கு என்று துடைத்திருந்தது.

"இன்னா மாமா, சேமியா மாதிரி இருக்குது?" என்று யாரோ கேட்க, பின்னால் சிரிப்பு.

பரிமளா சிரிக்கவில்லை. வேகவேகமாகப் புரட்டினாள். எந்தப் பக்கத்தைத் தேடுகிறாள் என்று எனக்கும் தெரியும், வினோதினிக்கும் தெரியும். அவள் சித்தியின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பக்கம் வந்தது. புள்ளி அழுக்கு என்பதால் போயிருந்தது. பென்சில் மங்கலானதால் போயிருந்தது. வெள்ளைவெளேரென்று ஒரு தாள். கீழே ஓரத்தில், கொஞ்சம் நடுங்கிய பேனா எழுத்தில், 'சாந்தி' என்று மட்டும்.

தனசேகர் எழுந்து வந்து பார்த்தார். "அவ கையெழுத்துதான்" என்றார். திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

"பரவால்ல" என்றாள் பரிமளா, மூச்சை இழுத்து விட்டு. "நோட்டைக் கொடுங்க. அதைப் பார்த்துப் போட்டுக்கறேன்."

நான் பந்தலைப் பார்த்தேன். வாழைமரத்தைப் பார்த்தேன்.

"நோட்டு எங்கங்க?"

"அது வந்து... கட் பண்ணாத்தான் மெஷின் எடுக்கும்..."

"கட் பண்ணதைக் கொடுங்க."

"இரு, இதோ வந்துடறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள் என்று ஊருக்கே தெரியும். நடந்துதான் போகவேண்டும். முறையாக மலையைச் சுற்றிக்கொண்டு போனால் அடி அண்ணாமலை கடைசியில்தான் வரும். எங்கள் பக்கத்திலிருந்து எதிர்த்திசையில் போனால் கிட்டம். போனேன். சாயங்காலம், லட்சோபலட்சம் பேர் ஒரு பக்கமாக வந்துகொண்டிருக்க, ஒரே ஓர் ஆள் எதிர்ப்பக்கமாக, ஒவ்வொருவர் கையையும் உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

"சாமி, இப்படி வரக்கூடாது, அப்படிக்கா சுத்தி வாங்க!"

"தெரியும்ங்க."

"தெரிஞ்சேவா வர்ற?"

தண்ணீர் பந்தலில் நின்ற ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "ஜெராக்ஸ் சார்தான? ஊர்க்காரர் நீங்களே ராங் சைடுல வந்தா எப்படி சார்? அதுவும் செருப்பு வேற!" செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். அது இன்னும் மோசமாக இருந்தது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

பாதி வழியிலேயே தெரிந்துவிட்டது. ஒரு அம்மா கையில் சுண்டல் பொட்டலம். அதன் மேல் புள்ளி. அருமையான, பளிச்சென்ற, துடைக்கப்படாத புள்ளிகள்.

"அம்மா, அந்தப் பொட்டலத்தைக் கொஞ்சம்..." என்று கை நீட்டினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நீட்டிய கை, கலைந்த தலை, வெறுங்கால். இரக்கத்தோடு நாலு சுண்டலை என் உள்ளங்கையில் போட்டுவிட்டு, பொட்டலத்தோடு போய்விட்டார்.

இன்னும் கொஞ்ச தூரத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் ஓரமாக உட்கார்ந்து, காலியான பொட்டலத்தை மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தாள். ஷமீமா அக்காவின் மருதாணி. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் "மை ஒய்ஃப், மை ஹவுஸ், பேப்பர்" என்றேன். அவள் முகம் மலர்ந்து, "பியூட்டிஃபுல்" என்று சொல்லி, பையிலிருந்து தடிமனான ஒரு நோட்டை எடுத்தாள். பக்கம் பக்கமாகக் கையால் எழுதியிருந்தாள். அதன் நடுவே அந்தத் தாளை வைத்து மூடி, எனக்கு ஒரு கும்பிடு போட்டாள். பிடுங்க மனசு வரவில்லை. ஷமீமா அக்காவாவது ஒரு நோட்டுக்குள் இருக்கட்டும்.

கோவிந்தம்மா கூடையைக் கவிழ்த்து வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா சார், இந்தப் பக்கமா வர்ற?"

"நேத்து குடுத்த பேப்பர் எங்கம்மா?"

"அத்த ஏன் கேக்கற! சூப்பர் பேப்பரு. ஈரமே எறங்கல. அல்லாம் ஓடிப்போச்சு."

விஷயத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்து, பாதை முழுக்கக் கேட்கிற குரலில் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். "யம்மா! யப்பா! சுண்டல் துன்னவங்க பொட்டலத்தக் குடுத்துட்டுப் போங்க! சார் வூட்டுக் கோலமாம்! வூட்ல சேக்க மாட்டாங்களாம்!"

மக்கள் நல்லவர்கள். சிலர் கொடுத்தார்கள். சிலர் சுண்டலோடு கொடுத்தார்கள். ஒருவர் சில்லறையும் போட்டார். கோவிந்தம்மாவும் சுண்டல் போடாமல் மடித்து வைத்திருந்த ஒன்றிரண்டு காலிப் பொட்டலங்களைப் பிரித்துத் தந்தாள். கூடையின் அடியில், குப்பைத்தொட்டியில், வேலியோரத்தில் என்று நானும் குனிந்து குனிந்து பொறுக்கினேன். ஒரு கையளவு தேறியது. டீச்சர் இருந்தார். பிரசவ வார்டு அம்மாவின் பாதி இருந்தது. தேர் இல்லை. ஏதோ ஓர் ஊரிலிருந்து வந்த ஏதோ ஒருவரின் கையில் அது மலையைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

வீட்டில் பரிமளா அந்தத் தாள்களை ஒவ்வொன்றாக நீவி, ஹாலில் ஃபேனுக்குக் கீழே பரப்பி, பறக்காமல் இருக்கக் கரண்டி, டம்ளர், பூட்டு என்று மேலே வைத்தாள். எல்லாவற்றையும் வைத்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். தேர் இல்லை என்று தலையாட்டினேன். அவள் எழுந்து போய் சாம்பாருக்குப் பருப்பு வைத்தாள்.

வினோதினி கிளம்புகிற அன்று காலையில் பரிமளா வாசல் தெளித்து, நினைவிலிருந்து போட ஆரம்பித்தாள். புள்ளி வைத்தாயிற்று. கோபுரம் வந்தது. சக்கரத்துக்கிட்ட கோடு திரும்புகிற இடம் வந்தது. நின்றாள். புறங்கையால் அழித்தாள். மறுபடி போட்டாள். மறுபடி அழித்தாள். வாசலே வெள்ளையாகிவிட்டது. நான் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

வினோதினி தலையில் பூவோடு வெளியே வந்தாள்.

"விடு சித்தி. எனக்கு அம்மாதுதான் வேணும்னு கேட்டேன். இது நீ யோசிச்சு போடறது."

"இல்லடி, இதோ வந்துடும்..."

"விடேன். நேரமாகுது. சித்தப்பாவ ஸ்டிக்கர் வாங்கிட்டு வரச் சொல்லு."

தேரடி வீதிக்கு ஓடினேன். ஸ்டிக்கர் கோலம் வாங்கினேன். மயில் போட்டதுதான் இருந்தது. கடைக்காரர் சுருட்டிக் கொடுக்கும்போது சொன்னார், "நல்லா தேச்சு ஒட்டுங்க சார். தண்ணி ஊத்திக் கழுவினாலும் அழியாது."

அவர் பொய் சொல்லவில்லை. அது இன்னும் எங்கள் வாசலில் இருக்கிறது. கத்தியால் சுரண்டியும் பார்த்தேன். மயிலின் தலை மட்டும் வந்தது. வினோதினி அதன் மேல் கால் வைத்துத்தான் புருஷன் வீட்டுக்குப் போனாள்.

இப்போது எங்கள் குடும்பத்தில் எதையாவது தலைமுழுக வேண்டுமென்றால், "சித்தப்பாகிட்ட ஸ்கேனுக்குக் கொடுத்துடலாம்" என்பார்கள். உடைந்த நாற்காலிக்கும் சொல்வார்கள், வேண்டாத சம்பந்தத்துக்கும் சொல்வார்கள். தனசேகர் மட்டும் இதைச் சொல்வதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பரிமளா புது நோட்டு வாங்கிவிட்டாள். தேறிய தாள்களை அதில் ஒட்டிவைத்திருக்கிறாள். சுண்டல் வாசனை இன்னும் போகவில்லை. அதை இப்போது பீரோவுக்குள் நகையோடு வைத்துப் பூட்டுகிறாள், சாவி அவள் இடுப்பில். வருகிறவர்கள் கோலம் போட்டுப் பெயர் எழுதும்போது நான் அந்தப் பக்கம் போகக் கூடாது.

நான் அச்சடித்த புத்தகத்திலிருந்து ஒரே ஒரு பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்து, அந்த நோட்டின் முதல் பக்கமாக ஒட்டியிருக்கிறாள். புதிதாக வருகிற பெண்கள் நோட்டைத் திறந்ததும் அதில்தான் நிற்பார்கள். மேலே வெறும் வெள்ளை. கீழே ஒரு பெயர்.

"இன்னா அக்கா இது, ஒண்ணுமே இல்ல? யார் போட்டது?"

பரிமளா நான் உட்கார்ந்திருக்கிற பக்கம் தலையைக் கூடத் திருப்புவதில்லை.

"இதுவா? எங்க வீட்டுக்காரர் போட்ட கோலம்" என்பாள்.